வாய் வைத்துக் குடிக்கிற டீச்சர்

எங்கள் பக்கத்தில் யாரும் தம்ளரில் வாய் வைத்துத் தண்ணீர் குடிப்பதில்லை. அண்ணாந்து தொண்டைக்குள் ஊற்றிக்கொள்வதுதான் வழக்கம். பேச்சு வருவதற்கு முன்பே பிள்ளைகளுக்கு அதைப் பழக்கிவிடுவார்கள். எங்கள் டீச்சர் மட்டும் வாய் வைத்துத்தான் குடிப்பார். அதுவும் சும்மா இல்லை. மேலத்தெருவில் ஒரு வீட்டுக்குப் போனால், உட்காருவதற்கு முன்பே, "தாகமா இருக்கு, ஒரு தம்ளர் தண்ணி குடுங்க" என்பார். வேண்டாவெறுப்பாக வரும் தம்ளரை வாங்கி, இரண்டு உதடும் பதிய வைத்துப் பாதி குடித்துவிட்டு, மீதியோடு கொடுத்தவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பார். கையில் வாங்குகிறார்களா, இல்லை "அங்கன வச்சிருங்க" என்று தரையைக் காட்டுகிறார்களா என்று பார்ப்பார். வாங்கினால் ஒரு சிரிப்பு. வாங்காவிட்டால் அந்த வீட்டை மனசுக்குள் ஓரிடத்தில் போட்டு வைப்பார். அங்கே போட்டது எதுவும் கெட்டுப்போகாது. ஊறுகாய் மாதிரி வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும்.

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில், கரிசல் காட்டுக்குள் கிடந்த ஊர் எங்களுடையது. மேலத்தெருவில் வியாபாரிகளும் தீப்பெட்டிக் கம்பெனிக்காரர்களும் இருந்தார்கள். ஓடைக்குக் கிழக்கே நாங்கள் இருந்தோம். எங்கள் தெருவுக்கும் பெயர் உண்டு. ஆனால் மேலத்தெருவில் யாரும் அதை வாயால் சொல்ல மாட்டார்கள், "அங்கிட்டு" என்று கையைக் காட்டுவார்கள். டீச்சர் எங்கள் தெருவில் பிறந்தவர். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, வெளியூர் விடுதியில் தங்கி டிரெயினிங் முடித்து, திரும்பவும் அதே பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்தார். அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "நான் யாருன்னு எதுக்குக் கேக்கே? என்ன நடந்துச்சுன்னு கேளு" என்பார்.

பள்ளிக்கூடத்தின் மேனேஜர் தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி. நல்ல உயரம், வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. அவர்தான் ஊரைக் கூட்டி அந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டியவர். பள்ளிக்கூடச் செலவுக்காகத் தினமும் உலை வைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கைப்பிடி தானியத்தை எடுத்துத் தனிக் கலயத்தில் போட வேண்டும், வாரத்துக்கு ஒருமுறை வண்டி வந்து அதைச் சேர்த்துக்கொண்டு போகும். மேலத்தெருவில் அரிசி. எங்கள் தெருவில் ஏது அரிசி? கம்புதான். ஆனாலும் போட்டார்கள், எல்லா வீட்டிலும் போட்டார்கள். ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வரும்போதெல்லாம் முதலாளி எங்கள் டீச்சரை முன்னால் கூப்பிட்டு நிறுத்துவார்.

"பாத்தீகளா சார், அங்கிட்டுத் தெருப் பிள்ள. எங்க பள்ளிக்கூடத்துல படிச்சு, எங்க பள்ளிக்கூடத்துலயே டீச்சர்! வேற எந்த ஊருல உண்டு?"

டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். முகத்தில் ஒன்றும் தெரியாது. இன்ஸ்பெக்டர் போன பிறகு வகுப்புக்கு வந்து, கரும்பலகையை அழி அழி என்று அழிப்பார். ஒன்றும் எழுதாத பலகையை அழிப்பார். அப்போது யாராவது பேசினால் அன்றைக்கு அவன் தொலைந்தான்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அது ஆரம்பித்தது. சமூகப் பாடத்தில், தீண்டாமை சட்டப்படி ஒழிக்கப்பட்டுவிட்டது என்று ஒரு வரி. மேலத்தெருப் பையன் ஒருவன் எழுந்து நின்று வாசித்தான். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒழிச்சாச்சா?"

"ஆமா டீச்சர்."

"நம்ம பள்ளிக்கூடத்துல எப்பம்லே ஒழிச்சாக?"

பையன் புத்தகத்தைப் பார்த்தான். அதில் அது இல்லை.

"புஸ்தகத்துல இருக்காதுலே. வீட்டுல இருக்கும். ஊருல இருக்கும். போய்க் கேட்டுட்டு வாங்க" என்றார்.

கேட்பதற்கு ஒரு சட்டம் வைத்தார். வகுப்பின் பின்சுவரில் கரி பூசிய இடம் ஒன்று இருந்தது. அதன் நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டார். ஒரு பக்கத்துக்கு 'உள்ளே', மறுபக்கத்துக்கு 'வெளியே' என்று எழுதினார். எந்தச் சங்கதியாக இருந்தாலும் உள்ளே இருந்தவர் ஒருத்தர் சொல்ல வேண்டும், வெளியே நின்றவர் ஒருத்தர் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அது நடந்தது என்று எழுதிக்கொள்ளலாம். ஒரு வாய் மட்டும் சொன்னால் எதிர்ப்பக்கம் காலியாகவே கிடக்கும். யார் எதைச் சொன்னாலும், "ரெண்டாவது யாரக் கேட்டே?" என்பார். மழை வருது டீச்சர் என்று சொன்னால்கூட அதே கேள்விதான். நாங்கள் கேலி செய்வோம். ஆனால் அது எங்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

"நீங்களே இந்தப் பள்ளிக்கூடத்துலதான படிச்சீக? நீங்க சொல்லுங்க, நாங்க எழுதிக்கிடுதோம்" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் சொன்னா அது என் கோவம்" என்றார். "நீங்க கேட்டுட்டு வந்தாத்தான் அது பாடம்."

பலகைக்கு மேலே ஒரு படம் ஒட்டியிருந்தார். சாத்தூரில் இங்கிலீஷ் பேப்பர் ஒன்றிலிருந்து வெட்டியது. அமெரிக்காவில் ஒரு கறுப்புப் பிள்ளை, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறாள். பின்னால் வெள்ளைக்காரக் கூட்டம். அதில் ஒருத்தி வாயைப் பிளந்து கத்துகிறாள். அந்தப் பிள்ளை அப்புறம் உள்ளே போனாளா என்றுதான் நாங்கள் எல்லோரும் கேட்டோம். போனாள் என்றார். பிறகு கத்துகிறவள் முகத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

"எனக்கு இவளத்தான் பிடிக்கும். இவ மொகம் படத்துல விழுந்துருச்சு பாருங்க. இனி நூறு வருசம் ஆனாலும் நான் கத்தலன்னு சொல்ல முடியாது. நம்ம ஊருலதான் யாரும் படம் பிடிக்கல."

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். பத்து வயசில் எனக்கு அது பயமாக இருந்தது. இப்போது நினைத்தால் எனக்கும் அதே சந்தோஷம் வருகிறது. வந்தால் வரட்டும், எனக்கொன்றும் வெட்கமில்லை.

முதலில் அவர் எங்களை அனுப்பியது முதலாளியிடம்தான். அவருக்கும் ஒரு கதை உண்டு. சுதந்திர தினத்துக்குச் சுதந்திர தினம் கொடியேற்றிவிட்டு அதைச் சொல்வார், எங்களுக்கு மனப்பாடம். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருடைய ஆட்களைக் கோவிலுக்குள் விட மாட்டார்களாம். தேங்காய் பழத் தட்டோடு அப்பாவும் மகனும் வெளி மதில் ஓரம் நின்றார்களாம். கம்பை ஓங்கிக்கொண்டு வந்து விரட்டினார்களாம். தட்டு விழுந்து தேங்காய் உருண்டு ஓடியது. அவருடைய அப்பா குனிந்து அதைப் பொறுக்கினார். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் முதலாளி துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டு வந்தோம். மேலத்தெருவில் இன்னொரு கிழவரும் சொன்னார். கோவிலுக்கு உள்ளே நின்ற குடும்பத்து ஆள் ஒருவர், "ஆமா, அப்பிடித்தான் வச்சிருந்தோம்" என்று ஒத்துக்கொண்டார். டீச்சர் கோட்டின் இரண்டு பக்கமும் நிரப்பச் சொன்னார்.

"இது நெசம். அவுகளையும் நிறுத்துனாக. நிறுத்துனது தப்பு. தெளிவா எழுதுங்க, பிழையில்லாம எழுதுங்க" என்றார்.

அவர் அதை ஒருநாளும் குறைத்துப் பேசியதில்லை. அந்தத் தேங்காய் உருண்டதைச் சொல்லும்போது அவருக்கே கண் கலங்கிவிடும். அப்புறம் சாக்பீஸை எடுத்து, அடுத்த கேள்வியை எழுதினார். 'நம் பள்ளிக்கூடத்தில் யாரை எங்கே உட்கார வைத்தார்கள்?'

அதற்கு ஊரே ஊமையாகிவிட்டது. மேலத்தெருவில், "மொதலாளியக் கேளுங்க" என்றார்கள். எங்கள் தெருவில், "அதெல்லாம் இப்ப எதுக்கு, போ பிள்ள" என்றார்கள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் பொம்பளைகள் முதலாளி கம்பெனிக்குத்தான் தீப்பெட்டி ஒட்டினார்கள். என் அம்மாவும் ஒட்டினாள். விடிந்தால் பசையைக் காய்ச்சிக்கொண்டு உட்காருவாள். கம்பெனி வண்டி அட்டைக்கட்டைப் போட்டுவிட்டுப் போனால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

அம்மாவும் டீச்சரும் ஒரே வயசு. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்கள். நான் நச்சரித்து நச்சரித்து, ஒருநாள் பசைக் கையோடு அம்மா சொன்னாள். எழுதிக்கொள்வதற்கு இல்லை, என் காதுக்கு மட்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாள்.

பள்ளிக்கூடத்து முற்றத்தில் ஒடை என்கிற வேல மரம் ஒன்று நின்றதாம். கொப்பெல்லாம் முள். நிழலும் கிடையாது, கொஞ்சம் புள்ளி புள்ளியாகத்தான் விழும். அதன் அடியில்தான் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இடம். வாத்தியார் உள்ளே நின்று சொல்வதை ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே ஒருத்தன் தப்பாகச் சொன்னால் பிரம்படி. வெளியே ஒருத்தி தப்பாகச் சொன்னால் பிரம்பால் அடிக்க மாட்டார்கள். பிரம்பு தொட்டால் தீட்டாம். களிமண் உருண்டையை விட்டெறிவார்கள். டீச்சரின் புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறதே, அது அந்த உருண்டைக்குள் கிடந்த கல் பட்டது.

"தண்ணிக்கு?" என்று கேட்டேன்.

"தண்ணிக்குக் கைய ஏந்தணும். உள்ள உள்ளவக யாராச்சும் வந்து உசரத்துல இருந்து ஊத்துவாக. அவுக வாரமட்டும் காத்துக் கெடக்கணும்."

ஒரு சித்திரை வெயிலில் முதலாளி பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்திருந்தாராம். அப்போது இளவட்டம். டீச்சர் எழுந்து போய்க் கையை ஏந்தினாளாம், ஏழு எட்டு வயசுப் பிள்ளை. அவர் செம்பை எடுத்தார். யாரோ கூப்பிட்டார்கள். அவர்களிடம் பேசிக்கொண்டே, இந்தப் பக்கம் பார்க்காமலே ஊற்றினார். ஒரு சொட்டுக்கூடக் கையில் விழவில்லை. அவ்வளவும் மண்ணில் போனது. செம்பைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்.

"அவ கைய எடுக்கவே இல்ல. நான் போயி இழுத்தேன். வரமாட்டேன்னு நின்னா. பள்ளிக்கூடம் விடுத வரைக்கும் ஏந்திக்கிட்டே நின்னா" என்றாள் அம்மா. பிறகு பசையைத் தடவ ஆரம்பித்துவிட்டாள்.

அந்த மரத்தை எப்போதோ வெட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தின் வெள்ளி விழா வந்தபோது சரியாக அந்த இடத்தில்தான் மேடை போட்டார்கள். முற்றத்திலேயே சமதளமான இடம் அதுதானாம். இருக்காதா பின்னே, எத்தனை வருஷம் எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்து தேய்த்த இடம்! சிவகாசியில் அச்சடித்த மூன்று வர்ண அழைப்பிதழ் வந்தது. ஆரம்ப நாள் முதல் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒன்றாக அமர்த்திய பள்ளி என்று அதில் போட்டிருந்தது. டீச்சர் அதை வாசித்துவிட்டு மடித்து வைத்தார். பிறகு முதலாளியிடம் போய், விழாவில் பிள்ளைகள் கேள்வி கேட்க, மேனேஜர் பதில் சொல்கிற மாதிரி ஒரு நிகழ்ச்சி வைக்கலாமா என்று கேட்டார். முதலாளிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"நல்ல ரோசன! வையி, வையி" என்றார்.

மேடையில் இன்ஸ்பெக்டர், பெரிய மனிதர்கள். கீழே பாயில் மேலத்தெரு. அதற்குப் பின்னால் மண்ணில் எங்கள் தெரு. ஒரு பையன் முதல் கேள்வி கேட்டான்.

"ஐயா, கோவில்ல உங்கள எங்க நிறுத்துனாக?"

முதலாளி சொன்னார். அன்றைக்கு எல்லா நாளையும்விட நன்றாகச் சொன்னார். தேங்காய் உருண்டபோது இன்ஸ்பெக்டரே கைக்குட்டையை எடுத்தார். அடுத்தது என் முறை. டீச்சர் என்னைப் பார்க்கவே இல்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"ஐயா, எங்க அம்மாவ எங்க உக்கார வச்சீக?"

மைக் செட்டில் அது ஓடை தாண்டிக் கேட்டிருக்கும். முதலாளி சிரித்தார்.

"உங்க அம்மாவையா? உள்ளதான். எல்லாரும் ஒரே பாய்தான். என்னப்பா, அப்பிடித்தான?"

மேலத்தெருவில் தலைகள் ஆடின. எங்கள் தெருவில் ஒரு தலையும் நிமிரவில்லை. கை தட்டினார்கள். அடுத்து டான்ஸ் வைத்தார்கள். டீச்சர் போய்ப் பின்பாட்டுக்கு நின்றுகொண்டார்.

மறுநாள் காலையில் வகுப்பு நடக்கும்போது என் அம்மா வந்தாள். கையில் பசை காய்ந்து செதில் செதிலாக இருந்தது. வாசலில் நின்றாள். டீச்சர், "உள்ள வா" என்றார். அம்மா உள்ளே வந்து, எங்களுக்கு முன்னால் நின்று, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"மரத்தடியில உக்கார வச்சாக. எங்க வீட்டுக் கம்ப வாரா வாரம் வாங்கி உள்ள வச்சாக. கம்பு உள்ள போச்சு, நாங்க வெளிய இருந்தோம். எழுதிக்கோங்க."

எழுதினோம். 'வெளியே' என்ற பக்கம் நிறைந்தது. எதிர்ப்பக்கம் காலி.

அந்த வாரம் கம்பெனி வண்டி எங்கள் தெருவுக்கு வரவில்லை. எங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை, தெரு முழுக்க. பாதகம்! நாங்கள் கூழுக்கும் வழியில்லாமல் கிடந்தோம். தெருப் பொம்பளைகள் எங்கள் வாசலில் வந்து நின்று ஏசினார்கள்.

"அவளுக்குச் சம்பளம் வருது. அவ கோவத்துக்கு எங்க அடுப்பு அணையணுமாக்கும்?"

கேட்க வேண்டிய கேள்விதான். நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். அம்மாதான் எழுந்து வந்தாள்.

"அவ கோவம்னு யாரு சொன்னா? எனக்கும் கோவம் உண்டும். உங்களுக்கு இல்லன்னா போங்க" என்றாள்.

டீச்சர் அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. தண்ணீர் கேட்டார். வாய் வைத்துக் குடித்தார். மீதியை அம்மா வாங்கி, அவளும் வாய் வைத்துக் குடித்துத் தம்ளரைக் காலி செய்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அம்மாவும் தெருவில் பாதிப் பேரும் சாத்தூருக்கு நடந்து போய் வேறு கம்பெனியில் கட்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள். போக வர ஒரு பொழுது ஆகும்.

முதலாளி டீச்சரை வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுத்தால் இன்ஸ்பெக்டருக்குக் காட்ட ஆள் வேண்டாமா? ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்றாம் வகுப்புக்குத் தூக்கிப் போட்டார். அது அவர் செய்த பெரிய மடத்தனம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதத் தெரியாதே தவிர, கேட்கத் தெரியும். அதுவும் விடாமல் கேட்கத் தெரியும். அந்த வருஷம் மேலத்தெருவில் எந்த வீட்டிலும் நிம்மதியாக ஒரு வாய் சோறு இறங்கவில்லை என்பார்கள். முதலாளியின் பேரன் அந்த வகுப்பில்தான் இருந்தான். தட்டில் சோறு போடும்போதெல்லாம், "தாத்தா, எங்க டீச்சர் சின்னப் பிள்ளையில எங்க உக்காந்துச்சு?" என்று ஆரம்பித்துவிடுவானாம். அடுத்த வருஷமே டீச்சர் ஐந்தாம் வகுப்புக்குத் திரும்பி வந்துவிட்டார்.

பொங்கலுக்குப் பொங்கல் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்பார்கள். பின்சுவரையும் சேர்த்து அடிக்கச் சொல்லி உத்தரவு வரும். காணும் பொங்கலுக்கு மறுநாள் டீச்சர் அடுப்புக்கரியை அரைத்துக்கொண்டு வந்து பூசி, நடுவில் கோட்டைப் போட்டு, முதலில் அந்தக் கேள்வியை எழுதுவார். 'வெளியே' பக்கத்தில் என் அம்மா சொன்னது. 'உள்ளே' காலி. ஒரு வகுப்பு போய் இன்னொரு வகுப்பு வரும். வேறு யாராவது சொன்னால் போதாதா என்று சிலபேர் கேட்டதுண்டு. மேலத்தெருவிலேயே வயசான ஒருவர் சொல்லத் தயாராகக்கூட இருந்தார்.

"வேண்டாம். உக்கார வச்சவுக வாய்தான் வேணும்" என்றார் டீச்சர். "எம்புட்டு நாளானாலும் சரி."

எனக்கு அவரைப் பிடிக்கும். அவரிடம் பயமும் உண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊர் ஆயிரம் சொன்னது. அந்தக் காலிப் பக்கத்தைப் பார்க்கும்போது அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வருமே, அதை வேறு எதற்காகவும் வந்து நான் பார்த்ததில்லை. மனுஷருக்கு இத்தனை வன்மம் ஆகுமா என்று கேட்பீர்கள். அந்தக் களிமண் உருண்டையை ஒருதரம் வாங்கிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

நான் பள்ளிப் படிப்பை முடித்து சிவகாசியில் ஓர் அச்சாபீசில் காலண்டர் மடிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது முதலாளி படுத்துவிட்டார். ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. டீச்சரைப் பார்க்க வேண்டும் என்று ஆள் அனுப்பினார். டீச்சர் உடனே போகவில்லை. சனிக்கிழமை காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். எனக்கும் டீச்சர் ஆள் அனுப்பினார். லீவு போட்டுவிட்டுப் போனேன். பார்த்தால், ஐந்தாம் வகுப்பு முழுவதும் சிலேட்டும் குச்சியுமாக வரிசையில் நிற்கிறது.

"இதென்ன டீச்சர், முடியாத ஆளப் பாக்கப் போகையில!"

"பாடம் இருக்கு" என்றார்.

தலைவாசல் வழியாகத்தான் போனோம். முதலாளி கட்டிலில் சாய்ந்து கிடந்தார். அத்தனை உயரமான மனுஷர் துணி மாதிரிக் கிடந்தார். மகனும் மருமகளும் பக்கத்தில் நின்றார்கள்.

"வாங்க டீச்சர்" என்றார். வா என்றுதான் அதுவரை சொல்லியிருக்கிறார். "மனசு ஒரு நெலையில இல்ல. எல்லாத்தையும் மறந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. நான் நிம்மதியாப் போயிருவேன்."

"அத பெறகு பாப்போம். பிள்ளைக வந்திருக்காக. மொதல்ல அவுகளுக்குப் பதில் சொல்லுங்க" என்றார் டீச்சர். என் பக்கம் திரும்பினார். "கேளு."

வெள்ளி விழாவில் கேட்டதையே கேட்டேன்.

"ஐயா, எங்க அம்மாவ எங்க உக்கார வச்சீக?"

மகன் குறுக்கே வந்தார். "அப்பாவுக்கு முடியல. இதெல்லாம் இப்ப எதுக்கு டீச்சர்?"

"உங்க அப்பாதான் என்னக் கூப்பிட்டு விட்டாக."

முதலாளி கண்ணை மூடினார். திறந்தார்.

"வெளிய" என்றார்.

"வெளியன்னா எங்கன?" என்றான் முன்வரிசைப் பையன் ஒருவன், சிலேட்டில் குச்சியை வைத்தபடி. நன்றாகப் பழக்கியிருந்தார்.

"மரத்தடியில. ஒடை மரத்தடியில."

"யாரு உக்கார வச்சா?"

"நாந்தான்."

"தண்ணிக்கு?"

"கையில ஊத்துவோம்."

குச்சிகள் கீச் கீச்சென்று ஓடின. பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண், டீச்சர் சொல்லிக்கொடுக்காத கேள்வி ஒன்றைக் கேட்டாள்.

"தாத்தா, கோவில்ல ஒங்களுக்கு அழுக வந்துச்சுல்ல? பெறகு ஏன் அப்பிடிச் செஞ்சீக?"

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. மருமகள் முந்தானையால் துடைத்தாள். டீச்சர் மருமகளிடம் திரும்பினார்.

"தாகமா இருக்கு, ஒரு தம்ளர் தண்ணி குடுங்க."

வெள்ளித் தம்ளரில் வந்தது. இரண்டு உதடும் பதிய வைத்துப் பாதி குடித்தார். மருமகள் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். டீச்சர் அவளிடம் கொடுக்கவில்லை. கட்டில் பக்கம் நீட்டினார்.

"மொதலாளி, உங்களுக்கும் தொண்ட காஞ்சிருக்கும்."

"நான் வேற தண்ணி கொண்டாரேன்" என்று மருமகள் பதறினாள்.

"வேண்டாம்" என்றார் முதலாளி. அவரால் அண்ணாந்து குடிக்க முடியாது. டீச்சர் தம்ளரை அவர் வாயில் வைத்தார். அவர் உதட்டைப் பதித்துக் குடித்தார். கொஞ்சம் நெஞ்சில் வழிந்தது. எல்லாவற்றையும் குடித்தார். டீச்சர் காலித் தம்ளரை மருமகள் கையில் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

"இப்பமாவது சொல்லுங்க டீச்சர்" என்று முதலாளி நல்ல கையை நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருந்தது.

டீச்சர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "வரிசையாப் போங்க. சிலேட்ட அழிச்சிராதீக" என்றார். நாங்கள் இறங்கி வெளியே வந்தோம்.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே டீச்சர்?"

"சொல்லியிருக்கலாம்" என்றார். வேகமாக நடந்தார். ஓடைப் பாலத்தில் நின்றார். அத்தனை வருஷத்தில் அவர் வாயால் அதைச் சொல்லி நான் கேட்டது அப்போதுதான்.

"அன்னைக்கு நான் எம்புட்டு நேரம் கைய ஏந்திக்கிட்டு நின்னேன், தெரியுமா? அவரும் கொஞ்ச நேரம் ஏந்திக்கிட்டு இருக்கட்டும்."

அன்றைக்கே பின்சுவரில் 'உள்ளே' என்ற பக்கத்தை நிரப்பினோம். நான்தான் எழுதினேன், அவர் பிழை பார்த்தார். திங்கள்கிழமை முதலாளி போய்விட்டார். கடைசிவரை கையை நீட்டியபடியேதான் கிடந்தார் என்று மேலத்தெருவில் சொன்னார்கள். நான் ஓடிப்போய் டீச்சரிடம் சொன்னேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ரெண்டாவது யாரக் கேட்டே?" என்றார்.